கொடுப்பவரும் குடியிருப்பவரும்

தர்மம் செய்வதில் நம் ஜனங்களை யாரும் மிஞ்ச முடியாது. சந்தேகம் இருந்தால் சித்திரை மாதத்தில் ஒரு நாள் சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறிப் பாருங்கள். நாலு ரோடு கூடுகிற இடமெல்லாம் தண்ணீர்ப் பந்தல்! கீற்றுக் கொட்டகை, பரப்பிய மணலின் மேல் இரண்டு மண் பானை, சங்கிலியில் கட்டிய டம்ளர், பானையைப் போல் பத்து மடங்கு பெரிய பேனர். அந்தப் பேனரில் பந்தல் வைத்த புண்ணியவான் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். திறப்பு விழா அன்றைக்கு மோர் உண்டு, தர்பூசணி உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் நுங்கு கூட உண்டு. வைகாசி பிறந்த பிறகு அதே வழியில் போனால், பானையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இராது. பேனரில் உள்ள சிரிப்பு மட்டும் வற்றுவதே இல்லை.

பந்தல் வைத்தவர் கெட்ட எண்ணத்தோடா வைத்தார்? நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார். முதல் நாள் ஊற்றியதும் நல்ல தண்ணீர்தான். இரண்டாம் நாள் யார் ஊற்றுவது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார், அவ்வளவே. தர்மத்தில் உள்ள கஷ்டமெல்லாம் அந்த இரண்டாம் நாளில்தான் இருக்கிறது.

இந்த இரண்டாம் நாள் சமாசாரம் ஒரு தீபாவளியன்று எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

என் அம்மிச்சிக்கு வயது எண்பத்தேழு. அம்மாவைப் பெற்றவளைக் கொங்கு நாட்டில் நாங்கள் அம்மிச்சி என்றுதான் அழைப்போம். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் அவள் பேருக்கு இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும் விளையும். பெய்யாவிட்டால் கல்லும் வெயிலும் விளையும். மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் கூடியிருந்தபோது, அம்மிச்சி வெற்றிலையை மடித்தபடியே அறிவித்தாள்:

"அந்தக் காட்டை நான் யாருக்கும் பங்கு வெக்கப் போறதில்லை. அது தர்மத்துக்கு. என்ன தர்மம்னு நீங்க பேசிச் சொல்லுங்க."

பேசச் சொன்னால் எங்கள் குடும்பத்தார் சும்மா இருப்பார்களா? பெரிய மாமா ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி வைத்துத் தொழில் நடத்துகிறவர். "ஓர் அன்னதானக் கூடம் கட்டிடுவோம்மா. வாசலிலே சலவைக் கல்லிலே உங்க பேர். நூறு வருஷம் நிக்கும்" என்றார். சின்ன மாமாவுக்கு அதில் சம்மதமில்லை. நிலத்தை விற்றுப் பணத்தை பாங்கியில் போட்டு, வட்டியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புஸ்தகம் வாங்கித் தரலாம் என்றார். என் தாயார் கோயில் திருப்பணிக்கு எழுதி வைக்கலாம் என்றாள். சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கிராம சுகாதார நர்ஸாக முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள்.

அம்மிச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்கண்ணு, நீ பத்திரிகைக்காரன். ஊரெல்லாம் பாக்கறவன். எந்தத் தர்மம் நிக்குது, எந்தத் தர்மம் விழுந்து போகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. வேற எங்கியும் போகவேண்டாம். புதுப்பாளையம் போயிட்டு வா. எங்க ஆத்தா நூல் போட்ட எடம் அது."

*

புதுப்பாளையம் என்றால் சட்டென்று விளங்காதவர்களுக்கும் காந்தி ஆசிரமம் என்றால் விளங்கிவிடும். 1925-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி ராஜாஜி தொடங்கிய ஆசிரமம். அப்போது அது சேலம் ஜில்லா திருச்செங்கோடு தாலுகா. 1997-லிருந்து நாமக்கல் மாவட்டம். புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்தார். அதில் சில குடிசைகள் எழுந்தன. ஆசிரமம் அவ்வளவுதான்.

நிலம் கொடுத்தது பெரிய தர்மம், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிலத்தில் குடியேற வந்தவர் யார் என்று பாருங்கள். வயது நாற்பத்தாறு. சேலத்தில் முன்னணி வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் முனிசிபாலிடிக்குத் தலைவராக இருந்தவர். காங்கிரஸில் அகில இந்தியப் பெயர் எடுத்தவர். மனைவியை இழந்து பல வருஷம் ஆகியிருந்தது. உடம்பில் ஆஸ்துமா வேறு. அப்படிப்பட்டவர் பட்டணத்து வீட்டை விட்டு, தாயில்லாக் குழந்தைகளான நரசிம்மனையும் லக்ஷ்மியையும் அழைத்துக்கொண்டு, மழை பொய்த்துக் கிடந்த பொட்டல் காட்டில் வந்து குடியேறினார். நாலு நாள் பார்வையிட்டுவிட்டுத் திரும்புகிற உத்தேசம் அவருக்கு இல்லை. சிறைவாசமும் சுற்றுப் பிரயாணமும் போக, சுமார் பத்து வருஷம் அதுவே அவருக்கு வீடு.

அவரோடு வந்து சேர்ந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. வக்கீல் தொழிலை உதறிவிட்டு வந்த கே. சந்தானம் அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் மத்திய மந்திரியாக இருந்தவர். 1962-ல் நியமிக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைமை வகித்ததால் 'சந்தானம் கமிட்டி' என்று இன்றைக்கும் பேசப்படுகிறவர். சில வருஷங்களுக்குப் பின் 'நவசக்தி'யில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார். நம் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கல்கி என்றால் போதும்.

அவர்கள் அங்கே வாழ்ந்த வாழ்க்கையில் நாடகத்துக்கு உகந்த காட்சி எதுவும் கிடைக்காது. விடியுமுன் எழுந்திருப்பது, பிரார்த்தனை, ராட்டை, கிராமத்துப் பெண்கள் கொண்டு வரும் நூலை வாங்கிக் கூலி கொடுப்பது, நெசவாளர்களுக்கு நூலைப் பிரித்துக் கொடுப்பது, கணக்கு எழுதுவது, சொறி சிரங்கு, காய்ச்சல், கண்வலி என்று வருகிறவர்களுக்கு ஆசிரமத்து வைத்தியசாலையில் மருந்து கொடுப்பது. மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே.

இன்னொரு காரியமும் செய்தார்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களையும் ஆசிரமவாசிகளாகச் சேர்த்துக்கொண்டு, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1925-ல், கொங்கு நாட்டுக் கிராமத்தில்! சுற்றுப்புறத்தாரில் பலருக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. நூல் கூலி வேண்டும், மருந்து வேண்டும். ஆனால் அந்தப் பந்தி வேண்டாம். ஆசிரமத்தார் சண்டைக்கும் போகவில்லை, பந்தியையும் மாற்றிக்கொள்ளவில்லை. அங்கேயே இருந்தார்கள்.

*

இந்த மாதிரி வாழ்க்கைக்கு மூலம் எது என்று தேடிக்கொண்டு போனால் நாம் ஆப்பிரிக்காவில் போய் நிற்க வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் நம் தமிழர்கள் நமக்கு முன்னால் போய் நிற்கிறார்கள்!

1910-ல் தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆண்கள் சிறைக்குப் போய்விட்டார்கள்; குடும்பங்கள் வீதியில் நின்றன. அந்தக் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று உதவிப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போது காலன்பாக் என்ற ஜெர்மானிய யூத நண்பர், ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தூரத்தில் தமக்கிருந்த 1,100 ஏக்கர் பண்ணையை வாடகையில்லாமல் கொடுத்தார். சுமார் ஆயிரம் பழ மரங்கள், இரண்டு கிணறு, ஒரு சிறு ஊற்று, அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பேர் வைத்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நிலத்தைக் கொடுத்த காலன்பாக் பத்திரத்தை நீட்டிவிட்டுப் பங்களாவுக்குத் திரும்பிவிடவில்லை. அவர் கட்டடக் கலைஞர். சுகமாக வாழ்ந்து பழகியவர். அப்படியிருந்தும் பண்ணையிலேயே வந்து குடியிருந்தார். கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்றுக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து காந்திஜி கற்றுக்கொண்டார். காந்திஜியிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். வேலைக்காரர் கிடையாது. சமைப்பதிலிருந்து கழிவை அப்புறப்படுத்துவது வரை எல்லாம் பண்ணைவாசிகளின் கை வேலை. புகையும் மதுவும் கூடாது. சொந்தக் காரியமாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள், கட்டுச் சோறு எடுத்துக்கொண்டு நடந்தே போக வேண்டும். போக 21 மைல், வர 21 மைல்! இரவு இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார்களாம். குஜராத்தி, தமிழர், ஆந்திரர், வடநாட்டார், இந்து, முஸ்லிம், பார்ஸி, கிறிஸ்துவர் எல்லாரும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். தமிழ்க் குழந்தைகளுக்குக் காந்திஜியே தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழைக் கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தமிழைக் கேட்ட குழந்தைகளின் பொறுமையையும் நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஆப்பிரிக்கப் பண்ணையில் முளைத்த அந்தப் பழக்கம் ஆமதாபாத் வந்து, அங்கிருந்து புதுப்பாளையத்துக்கும் வந்து சேர்ந்தது. காந்திஜியே 1925 மார்ச் மாதத்திலும், 1934 பிப்ரவரியிலும் புதுப்பாளையத்துக்கு விஜயம் செய்தார். ஊர் ஊராய் அவர் விதைத்ததெல்லாம் ஒரே விதைதான்: உதவி செய்கிறவன் உதவி பெறுகிறவனுக்கு அண்டை வீட்டுக்காரனாக இருக்க வேண்டும்.

*

அண்டை வீட்டுக்காரனாக இருப்பதால் என்ன லாபம்? தர்மத்தை மணியார்டரில் அனுப்பினால் போதாதா? இந்தக் கேள்விக்கு நான் ஏட்டில் தேடிய பதிலை விட, அம்மிச்சி சொன்ன பதில் தெளிவாக இருந்தது. அவளுடைய தாயார் கதை அது.

அந்தக் காலத்தில் மானாவாரிக் காட்டில் வேலை வருஷத்தில் சில மாதந்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அந்தக் காலங்களில் பெண்கள் ராட்டை சுற்றினார்கள். ஆசிரமத்தில் பஞ்சு வாங்கி வந்து, நூற்றுச் சிட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை தலையில் சுமந்து கொண்டு போய்க் கொடுத்து, கூலியும் அடுத்த வாரத்துக்குப் பஞ்சும் வாங்கி வருவார்கள். நாள் முழுதும் நூற்றாலும் ஓரணா, இரண்டணா கூலிதான். இதற்குப் போய் இத்தனை பாடா என்று படித்தவர்கள் கேலி செய்தார்கள். கம்பு வாங்க அந்த ஓரணாவும் இல்லாதவர்கள் கேலி செய்யவில்லை.

"எங்க ஆத்தா அந்தக் காசை முந்தானையிலே முடிஞ்சுக்கிட்டு வருவா. வாசல்லியே எங்கப்பன் நிப்பாரு. 'எடு'ம்பாரு. ஊர்க் கோடியிலே கள்ளுக்கடை. பெறகு ஆத்தா காசைச் சோளக் குதிருக்குள்ளே போட்டு வெச்சா. குதிரையே சாய்ச்சு எடுத்துட்டுப் போனாரு. நல்ல மனுசன்தான் கண்ணு. அந்தக் கடை இருந்த வரைக்கும் நல்ல மனுசனா இருக்க முடியலை" என்றாள் அம்மிச்சி.

சென்னையில் உட்கார்ந்து மணியார்டர் அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்குமா? ஆசிரமத்தின் ஒரு வாசலில் கொடுத்த கூலி, கள்ளுக்கடை வாசலில் போய் விழுகிறது என்பது அங்கேயே வாழ்ந்தவர்களுக்குத்தான் கண்ணால் தெரியும். வாரா வாரம் நூல் போட வந்தவள் இந்த வாரம் முகம் வீங்கி வந்தாள் என்றால், அந்த முகத்தைப் பார்க்க அங்கே ஆள் இருக்க வேண்டும்.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய்க் குடியின் கேட்டை எடுத்துச் சொன்னார்கள். 1929-ல் 'விமோசனம்' என்று ஒரு மாதப் பத்திரிகையையே தொடங்கினார்கள். ராஜாஜி ஆசிரியர், கல்கி துணை. மதுவிலக்குக்கென்றே நடந்த பத்திரிகை! கதையும், படமும், புள்ளி விவரமும், கேலியும் எல்லாம் அந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஒரே விஷயத்தைப் பற்றி அலுப்பில்லாமல் எழுதுவது எவ்வளவு சிரமம் என்பது, வாரா வாரம் பத்தி நிரப்பும் என் போன்றவர்களுக்குத் தெரியும். கல்கிக்கு வேண்டிய விஷயம் தேடி வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை. நூல் போட வருகிறவர்களே அவருடைய நிருபர்கள். பத்து இதழ்கள் வந்தன. பிறகு 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ராஜாஜி வேதாரண்யம் போய்ச் சிறைக்கும் போனார். கல்கியும் சிறை சென்றார். பத்திரிகை நின்றது.

பத்திரிகை நின்றாலும் எண்ணம் நிற்கவில்லை. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மதுவிலக்கை எங்கே தொடங்குவது என்று அவர் தேசப் படத்தை விரித்து வைத்து யோசித்திருக்க மாட்டார். 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. ஏறக்குறைய இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களும் சேர்ந்தது அன்றைய சேலம் ஜில்லா. கடைகளை மூடியதால் கஜானாவுக்கு வந்த நஷ்டத்தை ஈடு கட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டு வந்தார். இன்று நாம் கடையில் பில் வாங்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறோமே, அந்த மாதிரி வரிக்கு நம் மாகாணத்தில் பிள்ளையார் சுழி போட்டது, ஒரு வகையில், நூல் கூலியைக் கணவனிடமிருந்து ஒளித்து வைத்த சேலம் ஜில்லாப் பெண்கள்தான்!

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. இடுப்பில் வைத்து வைத்து ஒரு பக்கம் நசுங்கிப் போனது. 1937 தீபாவளிக்கு, முந்தானையில் முடிந்த காசு முந்தானையிலேயே தங்கிய முதல் தீபாவளிக்கு, அம்மிச்சியின் தாயார் வாங்கியது. அம்மிச்சி பிறப்பதற்கு முந்திய வருஷம். யார் கேட்டாலும் அந்தக் குடத்தை அம்மிச்சி பழைய பித்தளைக்குப் போட மாட்டாள்.

இன்னொன்றும் அவள் சொன்னாள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"ஆத்தா அங்க நூல் போடுவா, காசு வாங்குவா. ஆனா அங்க தண்ணி குடிக்க மாட்டாளாம். அப்பவெல்லாம் சாதி பாக்கறது அப்படி. ரெண்டு மூணு வருசம் அப்படியே போச்சாம். ஒரு சித்திரை வெயில்லே மயக்கம் வந்து உக்காந்துட்டா. அங்கிருந்த ஒரு பையன் செம்புலே தண்ணி கொண்டாந்து நீட்டினானாம். எந்தச் சாதிப் பையன்னு ஆத்தாவுக்குத் தெரியும். குடிச்சுப்போட்டா. 'நல்லாத்தான் இருந்துச்சு'ன்னு எங்கிட்டச் சொன்னா."

ஒரு செம்புத் தண்ணீர் கைமாற மூன்று வருஷம்! அந்த மூன்று வருஷமும் செம்போடு அங்கேயே இருந்தார்களே, அதற்கு என்ன விலை போடுவது?

*

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிக் கட்டுரையை மங்களமாக முடிக்க ஆசைதான். உண்மை அப்படி இல்லை. கடை மூடியதால் மரம் ஏறிப் பிழைத்தவர்களின் பிழைப்புப் போயிற்று. மறைவாகக் காய்ச்சுகிறவர்களும் தோன்றினார்கள். 1948-ல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. வேண்டாம் என்று தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி மன்றாடினார். பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். 2003-லிருந்து சில்லறை விற்பனைக் கடைகளை அரசாங்க நிறுவனமே நடத்துகிறது. புதுப்பாளையத்துப் பெண்களில் யாராவது இன்றைக்கும் கூலியைக் குதிரில் ஒளித்து வைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். குதிருக்குப் பதில் பாங்கிக் கணக்கு என்பதுதான் வித்தியாசமாக இருக்கும்.

கைராட்டை நூலைக் கொண்டு குடும்பம் நடத்திய காலமும் போய்விட்டது. திருச்செங்கோடு இன்று லாரிக்கும், தறிக்கும், ரிக் வண்டிக்கும் பெயர் போன ஊர். ஆனாலும் ஆசிரமம் இருக்கிறது. நூறு வருஷத்தைத் தாண்டிக் கதர் நிறுவனமாக இன்னும் நடந்து வருகிறது. அது நின்றதற்குக் காரணம் என்னவென்று பொங்கலன்று அம்மிச்சியின் வாசலில் உட்கார்ந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். நிலம் கொடுத்தவரைப் பற்றிச் சொன்னேன்; குடியிருந்தவர்களைப் பற்றிச் சொன்னேன்; டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றியும் சொன்னேன். ஆப்பிரிக்கா என்றதும் பெரிய மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுதும் போய்த் துளை போடுவது எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போவதும் உண்டு. மாமாவும் ஒரு காலத்தில் வண்டியோடு போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"மாப்பிள்ளை, அங்கே ஒரு கிராமத்திலே கைப்பம்பு ஒண்ணு பாத்தேன்" என்றார். "எந்த தேசத்துப் புண்ணியவானோ போட்டுக் கொடுத்தது. கல்லுலே பேர் வெட்டியிருந்துச்சு. பம்பு கெட்டுப்போய்க் கெடக்குது. பொம்பளைங்க அதைத் தாண்டி ரெண்டு மைல் நடந்து குட்டைத் தண்ணி மொண்டுக்கிட்டுப் போறாங்க. என்னாச்சுன்னு கழட்டிப் பாத்தேன். வாஷர் தேய்ஞ்சிருக்குது. அவ்வளவுதான்! எங்கிட்ட இருந்த வாஷர் ஒண்ணை வெட்டிப் போட்டேன். தண்ணி வந்துருச்சு. அந்தப் பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பை நான் இன்னும் மறக்கலை. ஆனா அடுத்த வாஷர் தேயறப்போ நான் இங்கே திருச்செங்கோட்டிலே இருப்பேனே!"

மாமா பார்த்தது ஒற்றைப் பம்பு அல்ல. ஆப்பிரிக்கக் கிராமங்களில் போட்ட கைப்பம்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் கிடந்ததாக 2009-ல் ஒரு மதிப்பீடு வந்தது. துளை போடப் பணம் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். வாஷர் மாற்றப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை.

மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அம்மா, சலவைக் கல்லு வேண்டாம்" என்றார்.

"சரி, என்ன வேணும்?" என்றாள் அம்மிச்சி.

"கிணறு நான் போட்டுத் தரேன். ரெண்டு ரூம் கட்டித் தரேன். ஆனா அங்கே யாராவது குடியிருக்கணும்."

பேச்சு அங்கே வந்து நின்றது பாருங்கள், அப்படி ஒரு மௌனத்தை எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை போடுகிறேன் என்று சொல்ல ஆள் இருந்தது. புஸ்தகத்துக்குப் பணம் தருகிறேன் என்று சொல்ல ஆள் இருந்தது. அந்த மேட்டாங்காட்டில் போய் இருக்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லை. சின்ன மாமாவுக்கு ஈரோட்டில் கடை. எனக்குச் சென்னையில் உத்தியோகம். என் தாயாருக்கு முழங்கால் வலி. எல்லாக் காரணமும் நியாயமான காரணந்தான்.

அம்மிச்சி எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வெற்றிலைப் பையை இழுத்து மூடினாள்.

"அப்ப நானே போய் இருக்கறேன். இந்த எண்பத்தேழிலே இங்க உக்காந்து என்னத்தைக் கிழிக்கறேன்? அங்க போய் உக்காந்துக்கறேன். வர்றவங்களுக்குத் தண்ணியாச்சும் மொண்டு கொடுப்பேன்."

"நீங்க தனியாப் போக வேண்டாம்மா" என்றாள், தீபாவளியன்று வாயே திறக்காத சித்தி. "நானும் வரேன். அந்தப் பக்கத்து ஊர்ப் பொம்பளைங்க பிரஷர், சுகர் பாக்கறதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறாங்க. பாதிப் பேர் பாக்கறதே இல்லை. நான் பாத்துச் சொல்லுவேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவங்களைப் போக வெப்பேன். மருந்து ஒழுங்காத் தின்னாங்களான்னு மறுநா போய்க் கேப்பேன்."

மாசியில் கிணறு போட்டார்கள். மாமா எத்தனையோ ஊருக்குத் துளை போட்டவர், தம் தாயார் காட்டில் தண்ணீர் வரும் வரை சாப்பிடவில்லை. இரண்டு அறை ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு பெஞ்சி, இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, ஒரு நோட்டுப் புஸ்தகம். நசுங்கிய பித்தளைக் குடமும் அங்கே போய்விட்டது. முதல் மாதத்தில் வந்தவர்கள் சித்தியிடம் காட்டுவதற்காக வரவில்லை; பட்டணத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தக் கிழவி ஏன் காட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தார்கள். பரவாயில்லை. சித்தியின் நோட்டில் இப்போது முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். யாருடைய மருந்துப் பணம் எந்தக் கடைக்குப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதை அவள் நோட்டில் எழுதுவதில்லை. அந்த வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள்.

நேயர்களில் பலர் தர்ம சிந்தனை உள்ளவர்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் ஊரை விட்டுக் காட்டுக்குப் போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. ஜமீன்தார் நிலம் கொடுத்திராவிட்டால் புதுப்பாளையம் இல்லை, காலன்பாக் பண்ணையைத் தந்திராவிட்டால் டால்ஸ்டாய் பண்ணை இல்லை. கொடுப்பவரும் வேண்டும். ஆனால் அடுத்த தடவை எங்காவது பணம் கொடுக்கும்போது, ரசீது வாங்குகிற கையோடு ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: "அங்கே யார் குடியிருக்கிறார்கள்?"

பதில் உடனே வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.